மூன்றாவது வில்லை

மூன்று நாளாகப் பூலோகம் வேலைக்கு வரவில்லை. ஜெயினுலாப்தீனுக்கு உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை.

தாராவியில் தோல் தைக்கிறவர்களுக்கு நூலில் தேய்க்கிற மெழுகு காய்ச்சிக் கொடுப்பது அவர் தொழில். பத்தடிக்கு எட்டடி தகரக் கொட்டகை. இரண்டு அடுப்பு, மூன்று சட்டி, ஒரு பூலோகம். அவ்வளவுதான் கம்பெனி. தேன்மெழுகு, ஆட்டுக் கொழுப்பு, விளக்கெண்ணெய் மூன்றையும் உருக்கி, துணியில் வடிகட்டி, கிண்ணத்தில் ஊற்றி ஆறவிட்டால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வில்லை கிடைக்கும். இருபத்திரண்டு வருஷமாகக் காய்ச்சுகிறவன் பூலோகம். நாங்குநேரிப் பக்கத்து ஆள், இப்போது ட்ராம்பே பக்கம் சீத்தா கேம்பில் இருக்கிறான். காய்ச்சினதை மோந்து பார்த்துச் சரி என்றோ சரியில்லை என்றோ சொல்கிறவர் ஜெயினுலாப்தீன்.

மனுஷன் யாரையும் நம்பமாட்டார். தராசு காட்டினாலும் கையில் தூக்கிப் பார்த்துத்தான் ஒத்துக்கொள்வார். பஸ்ஸில் கண்டக்டர் கிழித்துக் கொடுக்கிற டிக்கெட்டை, எழுத்து தெரியாவிட்டாலும், இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார். பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் இருந்தார், அதுவும் வாத்தியார் வீட்டு மாட்டுக்குப் புல் அறுக்கத்தான். அதிலிருந்தே படித்தவன் என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சந்தேகம்.

புதன்கிழமை நடந்தது இதுதான். மாட்டுங்காவிலிருந்து வேங்கடசுப்ரமணியன் வந்தார். பாலக்காட்டுக்காரர், ஒரு கப்பல் ஆபீஸில் சூப்பிரண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ரைபிள் கிளப்பில் போய்ச் சுடுவார். வெள்ளைச் சட்டையில் வியர்வை, கையில் ஒரு காகிதப் பொட்டலம். உள்ளே வந்ததும் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். சுருட்டிய வெள்ளி நாடா மாதிரி ஈயத் துணுக்குகள்.

"பாய், தப்பா எடுத்துக்கப்படாது. இந்தத் தடவை மெழுகு செரியில்லை. எட்டே குண்டுதான் போட்டேன். பிரஷ்ஷை விட்டு இழுத்தா குழல்லேர்ந்து இத்தனையும் வருது. மொதல் ரெண்டு வில்லைல இருபது போட்டாலும் ஒரு பொடி வந்ததில்லை. மூணாவதுல என்னமோ மாறியிருக்கு."

"என்னமோன்னா?"

"கலந்துடுத்தோன்னு..."

அந்த வருஷம் எண்பத்து மூன்று. வனஸ்பதியில் மாட்டுக் கொழுப்பைக் கலந்துவிட்டார்கள் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. இட்லிக் கடையில் எண்ணெயை மோந்து பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். கலப்படம் என்கிற வார்த்தையை ஒருத்தன் முகத்துக்கு நேரே சொன்னால் செருப்பால் அடித்த மாதிரி. அதுவும் கொழுப்புக் காய்ச்சுகிறவனிடம்.

மூன்றாவது வில்லையை ஊற்றிய அன்று ஜெயினுலாப்தீன் கொட்டகையில் இல்லை. மச்சான் மகள் நிக்காஹ் என்று உல்லாஸ்நகர் போயிருந்தார். காய்ச்சினது, வடித்தது, ஊற்றினது எல்லாம் பூலோகம் ஒருத்தனே. அதைத்தான் அவர் மனசு முதலில் போய்ப் பிடித்தது.

"என்னத்தலே கலந்த?" என்றார். மாட்டுங்காக்காரர் முன்னாலேயே கேட்டார். "நான் இல்லாத நாளா பாத்து என்னத்தக் கொட்டுன? எவன் கொடுத்தான்?"

பூலோகம் கரண்டியைப் பிடித்தபடி நின்றான். அவனுக்கும் வயசு ஐம்பத்தெட்டு. பேரன் பேத்தி எடுத்தவன். ஒரு வார்த்தை பேசவில்லை. கையைச் சாக்கில் துடைத்தான், கரண்டியை ஆணியில் மாட்டினான், சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனான். வியாழன் வரவில்லை. வெள்ளி வரவில்லை. இன்றைக்குச் சனி.

கலந்திருந்தான் என்றால் ஒழிந்தது சனியன். கலக்கவில்லை என்றால்? அந்த இடத்தில் வந்து வந்து நின்றது அவர் புத்தி. கொட்டகைக்கும் தெருமுனைக்குமாக நாலு தடவை நடந்தார். டீ வாங்கினார், ஆறவிட்டுக் கொட்டினார்.

வேங்கடசுப்ரமணியன் முதல்முதலாக வந்ததும் நினைவுக்கு வந்தது. வைகாசி மாத வெயில். "துப்பாக்கிக் குண்டுக்குத் தடவ மெழுகு வேணும்" என்றார். ஜெயினுலாப்தீன் கதவைச் சாத்தப் போனார். தாராவியில் குண்டு என்று ஒருத்தன் வாயைத் திறந்தால், அவன் போலீஸ் அல்லது போலீஸ் தேடுகிற ஆள். "இங்க அதெல்லாம் கெடையாது ஐயரே. ஸ்டேஷன் அந்தப் பக்கம்" என்றார். மனுஷன் போகாமல் லைசென்ஸ் புத்தகத்தை நீட்டினார். அதைப் பக்கத்து மிஷின் கடை ஹனீப் படித்து, முத்திரை எல்லாம் அசல்தான் என்று சொன்னான். அப்புறமும் மூன்று வாரம் அலையவிட்டார்.

அந்த மூன்று வாரத்தில் விஷயம் புரிந்தது. போட்டிக்குச் சுட வெளிநாட்டுத் தோட்டா கிடைப்பதில்லை. கிடைத்தாலும் யானை விலை, குதிரை விலை. அதனால் கிளப்பில் அனுமதி எழுதி வாங்கிக்கொண்டு, பால்கனியில் ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றிக் குண்டைத் தானே வார்த்துக்கொள்கிறார். குண்டைச் சுற்றி ரெண்டு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தில் மெழுகை நிரப்ப வேண்டும். ஈயம் மெத்தென்ற சாமான். மெழுகு இல்லாமல் போனால் குழலின் உள்சுவரில் இழுபட்டு அப்பிக்கொள்ளும். அப்பிக்கொண்டால் அடுத்த குண்டு அது இஷ்டத்துக்குப் போகும்.

மெதுவாகப் போகிற குண்டுக்கு எதைத் தடவினாலும் ஓடிவிட்டது. முந்நூறு மீட்டர் போட்டிக்கு என்று வேகத்தைக் கூட்டினபோதுதான் வினை வந்தது. மெழுகுவத்தியை உருக்கித் தடவினார், பொருக்கு பொருக்காக உதிர்ந்தது. கார் கிரீஸ் தடவினார், பம்பாய் வெக்கையில் இளகித் தோட்டாவுக்குள் இருக்கிற வெடிமருந்தை நனைத்துவிட்டது. தேன்மெழுகோடு வாசலைனைக் குழைத்துப் பார்த்தார், அது கொஞ்சம் தேவலை, ஆனாலும் ஆறாவது குண்டிலேயே ஈயம்.

"ஈயம் எந்த முனையில ஒட்டுது? மருந்து வெடிக்கிற பக்கமா, வாய்ப் பக்கமா?" என்று கேட்டார் ஜெயினுலாப்தீன்.

வேங்கடசுப்ரமணியன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "வாய்ப் பக்கம். எப்படிக் கேக்கத் தோணித்து?"

"அப்ப மெழுகு பாதி வழியில தீந்துபோவுது. கையூசிக்குப் போடுத மெழுக மோட்டார் மிஷின்ல போட்டா இப்பிடித்தான். ஊசி வேகமாப் போவ, சூடேறி, மெழுகு வழிஞ்சி, நூலு பட்டுன்னு அந்துரும். வேகத்துக்கு வேற மெழுகு. ஒட்டிக்கிட்டும் இருக்கணும், இளகவும் படாது."

கொழுப்பைக் கொஞ்சம் ஏற்றினார். விளக்கெண்ணெயைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டிப் பார்த்தார். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கிற பிசுக்கு என்று ஒன்று உண்டு, தோல் பதனிடுகிறவர்களிடம் கிடைக்கும், அதிலும் ஒரு விரல் போட்டார். அப்போதே ஒரு காரியம் வெட்டொன்று துண்டிரண்டாகச் சொன்னார். "இதுல இருக்கது ஆட்டுக் கொழுப்பு. மாடும் இல்ல, மத்ததும் இல்ல. நீங்க ஐயரு. பொறவு சொல்லலன்னு சொல்லப்படாது." வேங்கடசுப்ரமணியன் "எனக்கு அதெல்லாம் ஒண்ணுமில்லை பாய்" என்றார்.

இரண்டு வில்லை கொடுத்தார். மனுஷன் குதித்துக்கொண்டு வந்தார். இருபது குண்டு போட்டும் குழல் கண்ணாடி மாதிரி. குழலின் வாயைச் சுற்றிக் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒரு வளையம் இருந்ததாம். மெழுகு கடைசிவரை தாங்கியது என்பதற்கு அதுதான் அடையாளமாம். "என் வயசுக்கு இது கடைசித் தடவை பாய். நவம்பர்ல டீமுக்கு செலக்ஷன்" என்றார். அந்த செலக்ஷன்தான் நாளைக் காலை.

ஜெயினுலாப்தீன் எழுந்தார். மூன்றாவது வில்லை ஊற்றின சட்டியை யாரும் கழுவவில்லை. அது ஐயர் மெழுகுக்கு மட்டும் என்று ஒதுக்கின சட்டி, அடுத்த தடவை காய்ச்சும்போதுதான் பூலோகம் கழுவுவான். அடியில் ஒரு விரல் கனத்துக்கு மெழுகு உறைந்து கிடந்தது. கத்தியால் சுரண்டினார். மோந்தார். நாக்கில் வைத்தார். உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு நூறு எண்ணினார், பிசுக்கென்று கையைப் பிடித்ததே தவிர உருகவில்லை. அப்புறமும் நம்பாமல் அதை எடுத்துக்கொண்டு ஹனீப் கடைக்குப் போனார்.

முகம்மது ஹனீப் பை தைக்கிறவன். "என்ன மாமா, பெண்டாட்டி கோவிச்சிட்டுப் போன மாதிரி அலையுதீரு?" என்றான்.

"வாய மூடிட்டு மிஷினப் போடு. நூலுல இதத் தேயி. இருக்கதுலயே கனத்த தோலாக் குடு."

"பூலோகம் வரலியாமே?"

"மிஷினப் போடுன்னேன்."

மோட்டார் அலறியது. மூன்று மடிப்புத் தோலில் ஊசி ஓடியது. ஹனீப் காலை எடுக்காமல் ஓட்டினான். ஒரு கெஜம், இரண்டு கெஜம். நூல் அறவில்லை. ஊசியைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினான். "நல்லாத்தான இருக்கு? இதுக்கு என்ன கொறச்சல்?"

ஒரு குறைச்சலும் இல்லை. மெழுகு கெட்டுப் போயிருந்தால் திட்டிவிட்டு, வேறு ஆள் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். மெழுகு சரியாக இருக்கிறது. அப்படியானால் மாட்டுங்காவில் இருக்கிறது என்ன?

சுரண்டின மெழுகை ஒரு தகர டப்பாவில் அடைத்துக்கொண்டு கிளம்பினார். லேபர் கேம்ப் வழியாக நடந்து, ரயில் பாலத்தில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினார். பூக்கடை, காய்கறிக்கடை, ஃபில்டர் காபி வாசனை. நம் ஊர் ஆட்கள்தான் என்றாலும் அந்தத் தெருவில் அவருக்குக் கால் கூசும். மூன்றாவது மாடி ஏறி மணியை அடித்தார்.

கதவைத் திறந்தது வேங்கடசுப்ரமணியனின் மனைவி ருக்கு. ஒன்பது கஜம் இல்லை, சாதாரணப் புடவைதான். நெற்றியில் குங்குமம், கையில் கரண்டி. கைலியையும் தாடியையும் பார்த்தாள், டப்பாவையும் பார்த்தாள். பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"மெழுகுக்கார பாய் வந்திருக்கார்" என்று உள்பக்கம் பார்த்துச் சொன்னாள்.

வேங்கடசுப்ரமணியன் அவரை நேரே பால்கனிக்குக் கூட்டிப்போனார். அங்கே ஈயம் உருக்குகிற சட்டி, குண்டு அச்சு, மண்ணெண்ணெய் ஸ்டவ். ஒரு பலகையில் வரிசையாக நாற்பது குண்டு, பள்ளம் வெறுமையாக, மெழுகு இல்லாமல் நின்றது.

"நாளைக்கு வாசலைனைப் போட்டுண்டுதான் போகணும் போலிருக்கு" என்றார்.

"அந்த வில்லையக் காட்டும்."

கொண்டு வந்தார். ஜெயினுலாப்தீன் கையில் வாங்கின உடனே தெரிந்துவிட்டது. எடை இல்லை. நிறம் வெளுப்பு. நகத்தை வைத்தால் வெண்ணெய் மாதிரி இறங்கியது. உள்ளங்கையில் வைத்து முப்பது எண்ணுவதற்குள் விரல் இடுக்கில் வழிந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"இது என் மெழுகு இல்ல."

"நீங்க குடுத்ததுதான் பாய். எட்டு குண்டுக்கு எடுத்ததோட சரி, நான் இதைத் தொடக்கூட இல்லை."

"இதுல தேங்காண்ண வாடை அடிக்கு. ஒமக்கு மூக்கு இல்லையா?"

வேங்கடசுப்ரமணியன் மோந்து பார்த்தார். மூக்குப்பொடி போட்டுப் போட்டு மரத்துப்போன மூக்கு. ஒன்றும் தெரியவில்லை என்று தலையை ஆட்டினார்.

"அதே அகலம், அதே தடிமன். வேற எங்கேர்ந்து வரும்? நீங்க ஊர்ல இல்லாத அன்னிக்கு உங்க ஆள்தானே ஊத்தினான்?"

"இந்தா பாரும், இது அவன் ஊத்துன சட்டியில சொரண்டுனது." டப்பாவைத் திறந்து நீட்டினார். "ரெண்டையும் வெரல்ல தேச்சுப் பாரும். நீரு சொன்ன ஒத்தச் சொல்லுக்கு நான் அந்த மனுசனக் கள்ளன்னு சொன்னேன். உம்ம முன்னால வச்சு. இருவத்திரண்டு வருசம் என்கூட வெந்தவன் எந்திரிச்சுப் போயிட்டான். மூணு நாளா வரல. இப்ப நீரு தொடலங்கீரு, அவன் ஊத்தல, நான் ஊத்தல. பின்ன ஜின்னு பூதமா வந்து ஊத்திச்சு?"

"கத்தாதீங்கோ பாய். அக்கம்பக்கம் இருக்கு."

"கத்துவேன். நான் பொய் சொல்லுதேனா? நெஞ்சத் தொட்டுச் சொல்லும், நீரு என்னத்தக் கொண்டாந்து கலந்தீரு?"

"ஏன்னா" என்று பால்கனி வாசலில் குரல் கேட்டது. இரண்டு பேரும் திரும்பினார்கள். ருக்கு கரண்டியைக் கீழே வைக்காமலே நின்றாள்.

"நான்தான்."

"என்ன நான்தான்?"

"நான்தான் அதைத் தூக்கிப் போட்டேன். இது நான் பண்ணினது."

வேங்கடசுப்ரமணியன் வாயைத் திறந்தவர் மூடவில்லை.

"மண்ணெண்ணெய் கிடைக்கலைன்னு போன வாரம் கேஸ் அடுப்பில வச்சு உருக்கினேளே, ஞாபகம் இருக்கோ? அடுக்களை பூரா ஆட்டு வாடை. என்னதுன்னு கேட்டேன். வெறும் தேன்மெழுகுன்னேள். எனக்கு மூக்கு இல்லையா? மறுநாள் உங்க அம்மாவோட ஸ்ராத்தம். அந்த அடுப்பில நான் எப்படிச் சமைப்பேன்? பேப்பர்ல வேற தெனமும் கொழுப்பு கொழுப்புன்னு போட்டிருக்கான். நீங்க ஆபீஸ் போனப்பறம் அந்தப் பாத்திரத்தையும், எடுக்காம வச்சிருந்த புது வில்லையையும் கீழே குப்பையில போட்டேன். அடுப்பைக் கழுவினேன், தரையைக் கழுவினேன், தலைக்கும் குளிச்சேன்."

"அப்போ இது?"

"உங்களுக்கு மெழுகு இல்லாமப் போயிடுமேன்னு நாட்டு மருந்துக் கடையில தேன்மெழுகு வாங்கிண்டு வந்தேன். கால் வெடிப்புக்கு எங்காத்துல தேங்காயெண்ணெய் சேர்த்துப் பண்ணுவோம். அதே மாதிரி பண்ணி அதே அகலக் கிண்ணத்தில ஊத்தி வச்சேன். தேன்மெழுகுன்னுதானே சொன்னேள்? மெழுகு மெழுகுதானேன்னு நெனைச்சேன். குண்டுக்கு இத்தனை சாஸ்திரம் இருக்கும்னு நான் என்னத்தைக் கண்டேன்?"

"கால் வெடிப்புக் களிம்பு!" வேங்கடசுப்ரமணியன் தலையில் கையை வைத்துக்கொண்டார். "முந்நூறு மீட்டருக்குக் கால் வெடிப்புக் களிம்பைத் தடவிச் சுட்டிருக்கேன்! புதன்கிழமை வந்து சொன்னேனே, அப்பவாவது வாயைத் திறக்கப்படாதோ?"

"வாய் வரைக்கும் வந்தது. செலக்ஷன் செலக்ஷன்னு பேயா அலைஞ்சிண்டிருந்தேள். முழுங்கிட்டேன்." இதைச் சொல்லிவிட்டு அவள் ஜெயினுலாப்தீனைப் பார்த்தாள். "ஒரு மனுஷன் வேலையை விட்டுப் போனது எனக்குத் தெரியாது. இப்போதான் கேட்டேன்."

ஜெயினுலாப்தீன் கையில் வழிந்ததைக் கைலியில் துடைத்தார். அவருக்குக் கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. இந்த அம்மாள் மேல் என்ன குற்றம்? அவர் வீட்டுச் சட்டியில் ஆகாத மாமிசம் வெந்திருந்தால் அவர் சட்டியை மட்டுமா உடைத்திருப்பார்?

"நான் அன்னைக்கே சொன்னேன் ஐயரே, ஆட்டுக் கொழுப்புன்னு. நீரு வீட்ல சொல்லல" என்றார்.

"சொன்னா இவ உருக்க விடுவாளா?"

"அதுக்காவத்தான் சொல்லணும்."

கீழே ஒரு பழவண்டிக்காரன் கூவினான். வேங்கடசுப்ரமணியனின் கண் மட்டும் மெதுவாகத் தகர டப்பா மேல் போனது.

"பாய், அதுல இருக்கறது நாற்பது குண்டுக்கு வருமா?"

"வரும்."

"குடுத்தேள்னா இப்பவே பால்கனியில உருக்கிப் போட்டுடுவேன். காலம்பற ஏழு மணிக்கு ரேஞ்சில இருக்கணும்."

"குடுக்கேன். ஆனா ஒரு சோலி இருக்கு. நான் அவனக் கள்ளன்னு சொன்னப்ப நீரு பக்கத்துல நின்னீரு. அவன் கலக்கலங்கிறதச் சொல்லையும் நீரு பக்கத்துல நிக்கணும். சீத்தா கேம்புக்கு வாரும். இப்பவே."

"இப்பவேவா? போய்ட்டு வர ராத்திரி ஆயிடும். நாப்பது குண்டு, ஒவ்வொண்ணா... நாளைக்கு மத்தியானம் வரேன், சத்தியமா."

"நாளைக்கு மத்தியானம் ஒமக்கு வேற சோலி வந்துரும்."

"நான் வரேன்" என்றாள் ருக்கு.

"நீயா?"

"பண்ணினது நான். நீங்க உக்காந்து உருக்குங்கோ. பால்கனியில, அடுக்களையில இல்லை." கரண்டியை உள்ளே வைத்துவிட்டு வந்து செருப்பை மாட்டினாள்.

டப்பாவைக் கொடுக்கும்போது ஜெயினுலாப்தீன் ஒரு கணம் கையை விடாமல் பிடித்திருந்தார். அப்புறம் விட்டுவிட்டார். இப்போதே சொல்லிவிடலாம்: மறுநாள் வேங்கடசுப்ரமணியன் பதினோராவது ஆளாக வந்தார். பத்துப் பேரைத்தான் எடுத்தார்கள். குழல் என்னவோ கடைசிவரை கண்ணாடி மாதிரிதான் இருந்தது. கண்ணும் கையும் கிழடு தட்டினதற்கு மெழுகு என்ன செய்யும்?

ட்ராம்பே பஸ்ஸில் அந்த அம்மாளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஜெயினுலாப்தீனுக்குப் பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. அவர் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். செம்பூர் தாண்டினதும் கண்டக்டரே "பைட்டோ சாச்சா" என்று இந்தியில் உட்காரச் சொன்னான். "நிக்கேன், நீ டிக்கெட்டக் கிழி" என்று தமிழிலேயே சொன்னார். மனசுக்குள் என்ன சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். எதைச் சொன்னாலும் பூலோகம் பதில் சொல்லாமல் நிற்பதுதான் தெரிந்தது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று கால் துடித்தது. அந்த அம்மாள் ஒருத்தி மட்டும் இல்லாவிட்டால் இறங்கியே இருப்பார்.

சீத்தா கேம்பில் இறங்கும்போது மணி ஆறு இருக்கும். குழாயில் தண்ணீர் வருகிற நேரம், சந்து முழுக்கக் குடம். ருக்கு புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாக்கடையைத் தாண்டித் தாண்டி வந்தாள். பூலோகத்தின் அறை வாசலில் அவன் பெண்சாதி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஜெயினுலாப்தீனைக் கண்டதும் முறத்தை நிறுத்தவில்லை.

"இங்க என்ன சோலி? மிச்சம் மீதி வசவு இருக்கோ?"

"பூலோகத்தக் கூப்பிடு தாயி."

அவன் தானே வெளியே வந்தான். பனியன், கழுத்தில் துண்டு. யாரோ ஒரு ஐயர் வீட்டு அம்மாள் நிற்பதைப் பார்த்துவிட்டுத் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

ஜெயினுலாப்தீன் பஸ்ஸில் அடுக்கினதெல்லாம் மறந்துபோனது. "நீ கலக்கல" என்றார்.

"அது எனக்குத் தெரியுமே. ஒமக்கு எப்பத் தெரிஞ்சிது?"

ருக்கு சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள். ஸ்ராத்தம், கேஸ் அடுப்பு, குப்பையில் போட்டது, தேங்காயெண்ணெய், கால் வெடிப்பு எல்லாம். சந்தில் தண்ணீர் பிடிக்கிற பெண்கள் குடத்தை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டார்கள். "என்னால உங்களுக்கு அவச்சொல் வந்துடுத்து. மன்னிச்சுக்கணும்" என்று அவள் முடித்தபோது, ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். களிம்பு தடவின குண்டை நினைத்துத்தான்.

பூலோகமும் சிரித்துவிட்டான். "எண்ண எம்புட்டு ஊத்துனீங்க?"

"மெழுகுக்குச் சரிபாதி."

"குண்டுக்கு ஆவாது. காலுக்கு நல்லாருக்கும். ஒரு வில்ல இருந்தாக் கொடுத்துவிடுங்க, இவளுக்குப் பித்தவெடிப்பு." பெண்சாதியைக் காட்டினான். அவள் "நீரு சும்மா கெடயும்" என்றாள். ஆனாலும் எழுந்து போய் முக்காலி கொண்டுவந்து போட்டு, டீ போட ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். ருக்கு உட்கார்ந்தாள். டீ வந்ததும் வாங்கிக் குடித்தாள். ஜெயினுலாப்தீன் நின்றார்.

சிரிப்பு அடங்கினதும் பூலோகம் அவர் பக்கம் திரும்பினான்.

"இந்தம்மா வந்து சொன்னதால நம்புதீரு. அன்னைக்கு நானே கலக்கலன்னு சொல்லிருந்தா நம்பிருப்பீரா பாய்?"

"நம்பிருக்க மாட்டேன்."

"அதான் நான் வாயத் தொறக்கல. நீரு வஞ்சதுக்கு நான் போவல. ஒம்ம வசவு எனக்குப் பழக்கந்தான். சொன்னாலும் ஒம்ம காதுல ஏறாதுன்னு தெரிஞ்சி போச்சு பாரும், அதுலதான் மனசு விட்டுப்போச்சு."

ஜெயினுலாப்தீன் தாடியைச் சொறிந்தார். பூலோகமே பேசினான். "சரி. நாளைக்கு அந்த ஐயர் சுடட்டும். சட்டியில சொரண்டுனது நான் காச்சுனது. குழல் சுத்தமா இருந்தா ஆளனுப்பும், நான் வாரேன். ஈயம் ஒட்டுச்சுன்னா ஒம்ம சந்தேகம் ஒம்மோட இருக்கட்டும், என் சோலி என்னோட."

நியாயமான பேச்சுதான். ஜெயினுலாப்தீன் ஆயுசு முழுக்க இப்படித்தான் பேசியிருக்கிறார். எடுத்துத் தேய்த்துப் பார், ஓட்டிப் பார், அப்புறம் சொல். தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நாளைக் காலையில் எங்கேயோ ஒரு மைதானத்தில் ஒருத்தர் பிரஷ்ஷைக் குழலுக்குள் விட்டு இழுக்கிறவரைக்கும் தான் இன்னொரு ராத்திரி இப்படியே நின்றுகொண்டிருக்க வேண்டும் என்று நினைத்தபோது கால் நிஜமாகவே வலித்தது.

"குழல் எப்பிடி இருந்தாலும் நீ வா" என்றார்.

"ஈயம் ஒட்டுனாலுமா?"

"ஒட்டுனாலும்."

"பொறவு மனசுல கெடந்து அரிக்காதா ஒமக்கு?"

"அரிக்கும். அரிச்சிட்டுப் போவட்டும். உன்கிட்ட கேக்க மாட்டேன்."

பூலோகம் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "இந்த வயசுல இது என்ன புதுசா?" என்று பெண்சாதியிடம் சொல்வது மாதிரி சொன்னான். அப்புறம், "மொதல்ல உக்காரும். நின்னுட்டே இருந்தா பயமாருக்கு" என்று வாசற்படியைக் காட்டினான். ஜெயினுலாப்தீன் உட்கார்ந்தார். டீயை வாங்கினார். மோந்து பார்க்காமல் குடித்தார் என்று சொன்னால் அது பொய், மோந்து பார்த்துத்தான் குடித்தார்.

பூலோகம் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, அந்த அம்மாளுக்கு வழி காட்டியபடி பஸ் ஸ்டாப்வரை நடந்தான். திங்கட்கிழமை எட்டு மணிக்கு வர வேண்டியவன் எட்டே முக்காலுக்கு வந்தான். ஏன் பிந்தினாய் என்று ஜெயினுலாப்தீன் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு அவர் அடுப்பைச் சுற்றி மூன்று தடவை நடக்க வேண்டியிருந்தது.